தக்கோலத்தை இரு மொழிகளில் படிக்க வேண்டும்

தோற்ற களங்களுக்கு நாம் மாணவர்களை அழைத்துச் செல்வதில்லை. தமிழ்த்துறைச் சுற்றுலாக்கள் தஞ்சைக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் போகின்றன. தக்கோலமோ பாடநூலில் ஒற்றை வரியாக நின்றுவிடுகிறது: கி.பி. 949இல் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனிடம் சோழப்படை தோற்றது; முதலாம் பராந்தகனின் மகன் இராஜாதித்தன் மாண்டான்.

இப்போரின் முதன்மையான சான்று பெங்களூரில், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்டியா மாவட்டத்து ஆதகூரிலிருந்து கொணரப்பட்ட, பழங்கன்னட எழுத்துப் பொறித்த நடுகல் அது. இராஜாதித்தனைக் கொன்றவன் கிருஷ்ணனின் துணைவனாகிய கங்க மன்னன் பூதுகன் என்றும், அதற்கு வனவாசி பன்னீராயிரம் முதலிய நாடுகளை அவன் பரிசாகப் பெற்றான் என்றும் அக்கல் கூறுகிறது. ஆனால் கல் நடப்பட்டது அவனுக்காக அன்று. பூதுகனின் வீரன் மணலேரன், ‘வேண்டியதைக் கேள்’ என்றபோது காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாய் ஒரு காட்டுப்பன்றியோடு பொருதது, இரண்டும் மடிந்தன. நாயின் நினைவாகவே இந்தக் கல்! தென்னிந்திய வரலாற்றைத் திருப்பிய ஒரு போரின் செய்தி நமக்கு நாயின் நடுகல்லில் கிடைத்திருக்கிறது.

இக்கல்லின் ஒரு சொற்றொடரை முதலில் படித்தவர்கள், பூதுகன் தழுவுவதுபோல் நடித்து வஞ்சகமாகக் குத்தினான் எனப் பொருள் கொண்டனர். பின்னர் அத்தொடர், ‘யானையின் அம்பாரியையே போர்க்களமாக்கிக் கொன்றான்’ என்று திருத்தி வாசிக்கப்பட்டது. சோழர் கல்வெட்டுகள் இராஜாதித்தனை ‘ஆனைமேல் துஞ்சின’வன் என்பதோடு இது பொருந்துகிறது. ஆயினும் வஞ்சகக் கதை இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. பழங்கன்னடம் அறியாத நாம் அதைச் சரிபார்க்கும் நிலையில்கூட இல்லை.

சென்ற குளிர்காலத்தில் குடும்பத்தோடு அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்துக்குச் சென்றோம். ஜலநாதீசுவரர் கோயில் இருக்கிறது. போர் இன்ன இடத்தில் நடந்தது என்று காட்டும் அடையாளம் எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. அங்குள்ள மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைப் பயிற்சி மையம் 2025 முதல் இராஜாதித்த சோழன் பெயரைத் தாங்குகிறது. என் மனைவியின் வீட்டுமொழி கன்னடம். மகள் கேட்டாள்: “நாம எந்தப் பக்கம்ப்பா? அம்மா பக்கமா, உங்க பக்கமா?” மனைவி சிரித்துவிட்டு, “காளி பக்கம்” என்றார். பத்தாம் நூற்றாண்டு அரசர்களை இன்றைய மாநிலங்களின் பிரதிநிதிகளாக்கும் பழக்கம் பள்ளிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதை அக்கேள்வி உணர்த்தியது. காவிரிச் சிக்கல் எழும்போதெல்லாம் இந்நகரில் அந்தப் பழக்கம் என்ன விலை கேட்கும் என்பதை 1991ஐக் கண்டவர்கள் அறிவர்.

இங்கிலாந்தில் 1066இன் ஹேஸ்டிங்ஸ் போர்க்களத்தில் வென்ற வில்லியம் ஒரு மடாலயம் எழுப்பினான். ஹரால்டு மன்னன் வீழ்ந்த இடத்தில் அதன் தலைமைப் பலிபீடம் அமைந்தது என்பது மரபு. இடிபாடுகளையும் களத்தையும் இன்று மக்கள் பிள்ளைகளோடு சுற்றிப் பார்க்கிறார்கள். தக்கோலத்துக்கும் ஒரு மடம் உண்டு. ஆனால் அது தோற்றவர் பக்கத்தது, களத்திலிருந்து தொலைவில், திருவொற்றியூரில் இருந்தது. இராஜாதித்தனின் தோழனாயிருந்த கேரள வீரன் வல்லபன், தலைவனோடு சாகாமல் போனதற்கு நாணித் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அம்மடத்துக்குத் தலைவரானான். பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்ற ஊரில் 943இல் கோயில் எடுப்பித்த படைத்தலைவன் வெள்ளன்குமரனே இவன் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. இவ்வரலாற்றைச் சொல்லும் திருவொற்றியூர்க் கல்வெட்டு வடமொழியில், வென்ற கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் குறித்துப் பொறிக்கப்பட்டது. என்னைக் கேட்டால், தக்கோலத்தைப் பற்றிய சான்றுகளுள் இதுவே மிகவும் மனிதத்தன்மை வாய்ந்தது.

கன்னடக் கல், தமிழ்க் களம், வடமொழிச் சாசனம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படிக்காத ஆய்வேடு எதுவாயினும் அரைகுறையானதே. சோழர் வரலாற்றில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோருக்குப் பழங்கன்னடத்தில் ஒரு பருவப் பயிற்சியேனும் கட்டாயமாக்க வேண்டும். கங்கர் வரலாறு பயிலும் கன்னட மாணவர்களுக்குத் தமிழ்க் கல்வெட்டெழுத்தும் அவ்வாறே. கல்விச் சுற்றுலாவையும் மாற்றியமைக்கலாம்: முதற்பகல் கஸ்தூர்பா சாலை, இரவுப் பயணம், மறுநாள் தக்கோலமும் திருவொற்றியூரும். இருமாநில மாணவர்களும் ஒரே பேருந்தில் செல்லட்டும்.