எருமைக்கு ஒரு கோவில்

எருமை என்றால் சோம்பேறியைத் திட்டுகிற வார்த்தை, இல்லாவிட்டால் எமனின் வாகனம். மற்றபடி அதற்கு மரியாதை ஏது? நீலகிரிக்குப் போனால் இருக்கிறது. தோடர்களுக்கு எருமைதான் புனிதம்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் ஏரியில் படகு விட்டு, தாவரவியல் பூங்காவில் போட்டோ பிடித்து, வர்க்கி வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே முத்தநாடு மந்தில், புல்வெளியில் கூம்பு வடிவக் கூரையோடு ஒரு கோவில் அமைதியாக நிற்கிறது. கோபுரம் கிடையாது, சிலையும் கிடையாது. வெளியாட்களுக்கு உள்ளே அனுமதியும் இல்லை.

"பிறகு என்னத்தைப் பார்ப்பது?" என்பார்கள் சிலர். வெளியே மேயும் எருமைகளைப் பார்க்கலாமே! தோடர் கோவில் என்பது அடிப்படையில் ஒரு பால்மனை. அங்கே பூசாரியின் வேலை என்ன தெரியுமா? புனித எருமைகளைக் கறப்பது, தயிர் கடைவது, வெண்ணெய் எடுப்பது. இந்தச் சடங்குகளை ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர் 1906-ல் ஒரு பெரிய புத்தகமாகவே எழுதிவிட்டார்.

சிக்கல் என்னவென்றால், எருமை மேய்ந்த புல்வெளிகளில் பெரும்பகுதியைத் தேயிலையும் சீகையும் கற்பூர மரமும் விழுங்கிவிட்டன. எருமைகள் குறைந்தன. கூரை வேயும் சதுப்புநிலப் புல்லும் அரிதாகிவிட்டது.

கோவிலைச் சுற்றி வேலி போட்டு, அறிவிப்புப் பலகை நட்டால் பாதுகாப்பு ஆகிவிடுமா? புல் இல்லாவிட்டால் எருமை இல்லை. எருமை இல்லாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாத பால்மனையில் பூசை ஏது? காப்பாற்ற வேண்டியது முதலில் புல்லைத்தான். பார்க்கப் போகிறவர்கள் பிளாஸ்டிக் பையை அங்கே வீசாமல் வந்தாலே பாதிப் புண்ணியம்!