புழு பிழைத்தது யார் குற்றம்?

காய்ப்புழுவைக் கொல்லும் நஞ்சைச் செடியே சுரக்கும் என்று சொல்லி, 2002-ல் பி.டி. பருத்தியை நம் நாட்டில் இறக்கினார்கள். 2010-ல் குஜராத்தின் நான்கு ஜில்லாக்களில் அந்த நஞ்சு இளஞ்சிவப்புக் காய்ப்புழுவிடம் பலிக்கவில்லை என்று மான்சாண்டோ கம்பெனியே ஒப்புக்கொண்டது. காரணம்? விவசாயிகள் அடைக்கலப் பயிர் சரியாக வைக்கவில்லையாம்!

அடைக்கலப் பயிர் என்றால் பி.டி. வயலை ஒட்டி விதைக்கும் சாதாரணப் பருத்தி. நஞ்சுக்குச் சாகாத புழு எங்கோ ஒன்றிரண்டு இருக்கும். அவை தமக்குள்ளேயே இணைந்தால் சாகாத வம்சம் பெருகும். சாதாரணப் பருத்தியில் வளர்ந்த அந்துப்பூச்சிகளோடு கலந்தால், பிறக்கும் புழு பெரும்பாலும் பி.டி. காயில் செத்துவிடும். விஞ்ஞானம் சரிதான், அதில் நமக்குத் தகராறு இல்லை.

நிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது சுற்றிலும் ஐந்து வரிசை, எது அதிகமோ அதில் சாதாரணப் பருத்தி வை என்பது அப்போது சர்க்கார் நிபந்தனையாக இருந்தது. 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் கொடுத்தார்கள். விதர்பாவில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலத்தைக் கடன் வாங்கி விதைக்கிறவன் எந்தப் பங்கைப் புழுவுக்கு எழுதிவைப்பான்? அந்த நஷ்டத்தை ஈடு கட்டுகிறோம் என்று கம்பெனி சொன்னதா? விதை விற்ற லாபம் அதற்கு, தியாகம் மட்டும் இவனுக்கா?

இன்னொரு சங்கதியைக் கம்பெனி பேசாது. அமெரிக்கன் காய்ப்புழுவுக்குத் துவரை, கொண்டைக்கடலை என்று வேறு தீனி உண்டு. இளஞ்சிவப்புப் புழுவுக்குப் பெரும்பாலும் பருத்திதான் கதி. அப்படியிருந்தும், ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கவேண்டிய கலப்பின விதையில்தான் பி.டி.யை ஏற்றினார்கள். கலப்பினச் செடியின் காய்க்குள் ஏறக்குறைய நான்கு விதையில் ஒன்று நஞ்சில்லாதது. புழு இரண்டையும் தின்று பழகியது. போதாக்குறைக்கு நீண்டநாள் ரகங்கள். ஜனவரி தாண்டியும் வயலில் நின்று புழுவுக்குச் சோறு போட்டன. இதையெல்லாம் விவசாயியா தீர்மானித்தான்?

2006-ல் இரண்டு நஞ்சு கொண்ட விதை வந்தது. 2015 வாக்கில் குஜராத்தில் அதையும் புழு வென்றது. காய்க்குள் புகுந்த புழுவை மருந்து எட்டாது. ஆனாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாதவன் தெளிப்பானைத் தூக்கினான். காய்ப்புழுவும் சாறுறிஞ்சிப் பூச்சிகளும் வாட்டிய 2017-ல், யவத்மால் ஜில்லாவில் மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களுமாக 20 பேருக்கு மேல் மாண்டார்கள்.

சாதாரண விதையைப் பொட்டலத்திலேயே கலந்து கொடுக்கலாம் என்று பின்னால்தான் வழி கண்டார்கள். முதல் நாளே செய்வதற்கு என்ன தடை? டிசம்பருக்குள் முடியும் குறுகியநாள் ரகங்களைச் சர்க்கார் பண்ணைகள் பெருக்கித் தரட்டும். பருத்திமாரை உடனே அகற்றவும், ஊர் முழுக்க இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும் கூலி கொடுக்கட்டும். அந்தச் செலவை, பொட்டலத்துக்குப் பொட்டலம் உரிமைப் பணம் வாங்கியவர்களிடம் வசூலிக்கட்டும்.