கண் கண்டதும் கணக்குச் சொல்வதும்: என்.பி.ஏ. தடுப்பாட்டக்காரரை எடைபோடுவது எப்படி?

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தாட்டத் தொடரில் ஒவ்வொரு பருவகாலத்தின் முடிவிலும் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப எழுகின்றது. சிறந்த தடுப்பாட்டக்காரர் யார் என்பதைப் புள்ளிவிபரத்தை வைத்துத் தீர்மானிப்பதா அல்லது ஆட்டத்தைப் பார்த்த கண்ணை நம்பித் தீர்மானிப்பதா? 2019 இல் ரொறன்ரோ றப்டர்ஸ் கிண்ணத்தை வென்ற பின்னர், கனடாவிலுள்ள எங்கள் உறவுகளில் பலருக்கும் இது வீட்டுப் பேச்சாகிவிட்டது.

இதை வெறும் இரசிகர் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 100 ஊடகவியலாளர்களின் வாக்குகள் தீர்மானிக்கின்றன. அந்த விருது மிக உயர்ந்த ஒப்பந்தத்துக்கான தகுதியையும் ஒரு வீரருக்குப் பெற்றுத்தரக் கூடியது. 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் விருதை வென்ற றூடி கோபேர், 2020 டிசெம்பரில் யூட்டா ஜாஸ் அணியுடன் 5 ஆண்டுகளுக்கு 205 மில்லியன் டொலர் ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டார்.

எனது நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். 82 ஆட்டங்கள் கொண்ட நீண்ட பருவகாலத்தை எடைபோட நான் கணக்கையே நம்புவேன். ஆனால் அந்தக் கணக்கை யார், எப்படி எடுத்தார்கள் என்று கேட்ட பின்னரே நம்புவேன்.

எண்ணியது யார்?

எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பதையும், கூடையை நோக்கி எறியப்படும் பந்தைத் தட்டிவிடுவதையும் என்.பி.ஏ. உத்தியோகபூர்வமாகப் பதிவு செய்யத் தொடங்கியது 1973-74 பருவகாலத்தில்தான். 13 பருவகாலங்களில் 11 முறை கிண்ணத்தை வென்ற பொஸ்ரன் செல்ரிக்ஸ் வீரர் பில் ரசல் 1969 இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். தட்டிவிடுவதை ஒரு கலையாக மாற்றியவர் என்று போற்றப்படும் அவருடைய பெயரில் உத்தியோகபூர்வமாக ஒரு தட்டிவிடல்கூட இல்லை. அவரது திறமைக்கு உடன் ஆடியவர்களும் பார்த்தவர்களுமே சாட்சி.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1987-88 இல் மைக்கல் ஜோர்டன் 259 பந்துப் பறிப்புகளுடன் இவ்விருதை வென்றார். 2024 இல் ஊடகவியலாளர் ரொம் ஹேபர்ஸ்ட்ரோ அந்த எண்ணிக்கையைப் பிரித்துப் பார்த்தார். வெளியூர் மைதானங்களில் பதிவானதைவிடச் சொந்த மைதானத்தில் மிக அதிகமான பறிப்புகள் பதிவாகியிருந்தன. ஏட்டில் எழுதியவர்கள் சொந்த அணி நியமித்தவர்கள். ஜோர்டன் சிறந்த தடுப்பாட்டக்காரர் அல்லர் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் ஆவணம் இருப்பதால் மட்டும் ஒன்று உண்மையாகிவிடாது. ஆவணம் இல்லாததால் மட்டும் அது நடக்காததாகிவிடவும் மாட்டாது.

நடக்காததை எண்ணுவது

தடுப்பாட்டத்தை எண்ணுவதில் அடிப்படையான சிக்கல் ஒன்று உள்ளது. நல்ல தடுப்பாட்டத்தின் விளைவு, ஏதோ ஒன்று நடக்காமல் போவதுதான். கூடைக்கு அருகில் உயரமான ஒருவர் நிற்பதைக் கண்டு பந்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் எதிராளியை எந்த ஏடும் பதிவதில்லை.

ஹூஸ்டன் றொக்கெற்ஸ் வீரர் ஷேன் பட்டியர் இதற்கு நல்ல உதாரணம். 2009 இல் எழுத்தாளர் மைக்கல் லூயிஸ் அவரைப் பற்றி நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் விரிவாக எழுதினார். பட்டியரின் புள்ளிகளும் பறிப்புகளும் மிகச் சாதாரணமானவை. ஆனாலும் அவர் களத்தில் நிற்கும்போது அணி சிறப்பாக ஆடியது. கோபி பிரயண்ட் எந்த இடங்களிலிருந்து எறிந்தால் அதிகம் தவறவிடுவார் என்பதை அறிந்து அவரை அங்கே தள்ளுவதும், பந்தைத் தட்ட முயலாமல் அவரது கண்ணுக்கு முன்னால் கையை நீட்டுவதுமே பட்டியரின் வேலை.

அவ்வாறானவரைக் கண்டுபிடிக்க உதவியது பிளஸ்-மைனஸ் என்ற கணக்கு. ஒரு வீரர் களத்தில் நிற்கும் நேரத்தில் அணி எத்தனை புள்ளிகளால் முந்துகின்றது அல்லது பிந்துகின்றது என்பதை எடுத்து, மற்ற ஒன்பது பேரின் தாக்கத்தையும் கழித்துப் பார்ப்பார்கள். ஆனால் சில ஆட்டங்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இதுவும் ஏமாற்றும். எதிரணி தூரத்திலிருந்து எறிந்த பந்துகள் தற்செயலாகத் தவறினால், அப்போது களத்தில் நின்றவருக்கு அந்தப் பெயர் போய்ச் சேரும்.

2013-14 முதல் எல்லா மைதானங்களிலும் கமராக்கள் பொருத்தப்பட்டு, ஒவ்வொருவரின் நகர்வும் விநாடிக்கு 25 முறை பதிவாகியது. சொந்த ஊர் எழுத்தரின் பாசம் கமராவுக்கு இல்லை. ஆனால் அணியின் திட்டமும் அதற்குத் தெரியாது. எறிந்தவருக்கு அருகில் நின்றவர் யார் என்பதை அது சொல்லும். வழியைத் திறந்துவிட்டவர் யார் என்பதைச் சொல்லாது.

கோபேரின் கதை

2021 பிளே-ஓஃப் சுற்றில், பருவகாலத்தின் மிகச் சிறந்த வெற்றிக் கணக்கை வைத்திருந்த யூட்டா, லொஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸிடம் ஆறாவது ஆட்டத்தில் 25 புள்ளி முன்னிலையை இழந்து 131-119 எனத் தோற்று வெளியேறியது. கோபேர் காவல் காக்கவேண்டிய ரெரன்ஸ் மான் 39 புள்ளிகளை எடுத்தார். கோபேர் அம்பலமாகிவிட்டார் என்றே பலரும் தீர்ப்பளித்தனர்.

அந்த ஆட்டத்தின் பதிவை நான் மீண்டும் பார்த்தேன். வெளிவட்டத்தில் நின்ற யூட்டா வீரர்கள் திரும்பத் திரும்பத் தாண்டப்பட்டார்கள். கூடையைக் காக்க கோபேர் உள்ளே வந்தார். மூலையில் மான் தனித்து நின்றார். உள்ளே வராவிட்டால் இலகுவான இரண்டு புள்ளி, வந்தால் மூலையிலிருந்து மூன்று புள்ளி. அந்தப் பொறியைக் கிளிப்பர்ஸ் வேண்டுமென்றே அமைத்தார்கள். தவறு யாருடையது என்பதைக் காட்டியது கண்தான். ஆனால் அவசரமாகப் பார்த்த கண் அல்ல.

பின்னர் மினசோட்டாவுக்கு மாறிய கோபேர் 2024 மே மாதம் நான்காவது முறையாக விருதை வென்றார். அப்பருவகாலத்தில் 100 தாக்குதல்களுக்கு எதிரணிக்கு மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி மினசோட்டாதான். அதே மாதத்தில் டலஸ் வீரர் லூக்கா டொன்சிச், இறுதி விநாடிகளில் கோபேருக்கு முன்னால் பின்வாங்கி எறிந்த மூன்று புள்ளியால் 109-108 என ஆட்டம் கைமாறியது. அந்தக் காணொளியைப் பார்த்தவர்கள் விருதையே கேலி செய்தார்கள்.

இரண்டுமே உண்மை. ஒரு பருவகாலம் முழுவதும் கூடையை அவரைப்போலக் காத்தவர்கள் மிகச் சிலர். வெளிவட்டத்தில் வேகமான ஒருவருக்கு முன்னால் தனித்து நிறுத்தப்பட்டால் அவர் தடுமாறுவார் என்பதும் உண்மை. முதலாவது, எத்தனை முறை நடந்தது என்ற கேள்விக்கான விடை. அதைக் கணக்கே சொல்லும். இரண்டாவது, எதிரணி ஒருவரது பலவீனத்தைத் தேடி வந்து தாக்கும்போது என்ன நடக்கும் என்ற கேள்விக்கான விடை. அதற்குக் கண் வேண்டும். விருது பருவகாலத்துக்கானது என்பதால் வாக்காளர்கள் கோபேருக்கு வழங்கியது சரியே. ஆனால் பிளே-ஓஃப் சுற்றுக்கு ஓர் அணியைக் கட்டுபவர் அந்த இறுதி விநாடிக் காணொளியையும் பார்த்தாக வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு காணொளித் துண்டைக் காட்டி ஒரு வீரரைத் தூக்கி எறிந்தால், அந்தப் பருவகாலத்தில் எத்தனை பேர் அவரைக் கண்டு கூடைப்பக்கம் வராமல் திரும்பினார்கள் என்று கேளுங்கள். யாராவது ஓர் எண்ணைக் காட்டி விவாதத்தை முடிக்கப் பார்த்தால், அதை எடுத்தது யார் என்று கேளுங்கள்.