தன்ராஜ் மாஸ்டருக்கு நாம் ஒதுக்கிய ஒற்றை வரி

இளையராஜாவைப் பற்றி எழுதும்போது நம் கைக்குப் பழகிப்போன வரி ஒன்று உண்டு: ‘சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்றார்.’ அடுத்த வரியில் 1976, அன்னக்கிளி வந்துவிடும். ஏ.ஆர்.ரஹ்மானைப் பற்றி எழுதினாலும் அதே பெயர், அதே அவசரம். வித்யாசாகருக்கும் அப்படித்தான். இத்தனை பேர் கதையிலும் வருகிற ஒரு ஆசிரியரை, பெயரைத் தாண்டி நாம் விசாரிக்கவே இல்லை. பத்திரிகையில் எழுதுகிறவர்கள், சினிமா இசைக்கு வரலாறு எழுதுகிறவர்கள், விடிய விடியப் பாட்டுக் கேட்கிற ரசிகர்கள் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

மயிலாப்பூர் சாயி லாட்ஜில் ஓர் அறை. பண்ணைப்புரத்து ராசையா அங்கே கற்றுக்கொள்ளப் போனபோது ‘ராஜா’ என்று கூப்பிட்டவர் மாஸ்டர்தான். பஞ்சு அருணாசலம் ‘இளைய’ சேர்த்தது பிற்பாடு. இந்தப் பெயர்க் கதை நமக்குத் தலைகீழ்ப் பாடம். அந்த அறையில் என்ன பாடம் நடந்தது என்று கேட்டால் நமக்கு வாய் வருவதில்லை.

பியானோ பாடம் லேசுப்பட்டதல்ல. வலக்கையில் சி மேஜர் ஸ்கேல் ஏறும்போது பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என மூன்று கட்டைகள் வாசித்ததும், நடுவிரல் கட்டையை விடுவதற்குள் பெருவிரல் உள்ளங்கைக்கு அடியில் புகுந்து நான்காவது கட்டையைப் பிடித்துவிட வேண்டும். இடக்கையில் சுண்டுவிரலில் தொடங்கி ஐந்து விரலும் தீர்ந்தபின், நடுவிரல் பெருவிரலைத் தாண்டி வர வேண்டும். கேட்கிறவர் காதுக்கு ஒட்டுப்போட்ட இடம் தெரியக் கூடாது. இது கைவந்தபின் பாஹ். அவருடைய இன்வென்ஷன்களில் இடக்கை சும்மா துணைக்கு வருவதில்லை. வலக்கை சொன்னதை வாங்கித் தானும் சொல்லும், சமயத்தில் எதிர்த்தும் பேசும். ஒரே மூளை இரண்டு பேச்சையும் ஒன்றாக நடத்தப் பழகவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து விரல் விரலாகத் திருத்த ஆளில்லாமல் இது யாருக்கும் வராது.

இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கொண்டாடினோம். 1986இல் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தைத் தியாகராஜருக்கும் பாஹுக்கும் அவர் சமர்ப்பித்தபோது சிலிர்த்துப் போனோம். எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருந்த விளக்கம் தெய்வ அருள், பிறவி மேதை. அப்படிச் சொன்ன மாத்திரத்தில், சொல்லிக்கொடுத்தவரின் உழைப்புக்கு அங்கே இடமில்லாமல் போயிற்று. சீடரோ தன் வாயாலேயே மாஸ்டரைப் பற்றிச் சொல்லி வந்திருக்கிறார். அந்த நேரடிச் சாட்சியத்தைப் பணிவு என்று மெச்சிவிட்டு, அடுத்த பாடல் எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்குத் தாவினோம்.

குருவை மதிக்கத் தெரியாதவர்கள் அல்ல நாம். கர்நாடக வித்வான் என்றால் குரு, குருவின் குரு, பாணி என்று சீட பரம்பரையே ஒப்பிப்போம். மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தவரை மட்டும் அந்த வரிசையில் உட்கார வைக்க மனம் வரவில்லை. அந்த இசை நமக்கு அந்நியம் என்று சாக்குச் சொல்லவும் முடியாது. இன்றைய மியூசி மியூசிக்கல் வாத்தியக் கடையின் தொடக்கம் 1842. ஏ.எம்.சின்னசாமி முதலியார் கர்நாடக உருப்படிகளை ஸ்டாஃப் நொட்டேஷனில் அச்சேற்றியது 19ஆம் நூற்றாண்டில். சென்னை வானொலியில் மேற்கத்திய இசையை வளர்த்த பியானோ கலைஞர் ஹேண்டல் மானுவேலையும் நாம் இப்படித்தான் விட்டுவிட்டோம். அது தனியாக எழுதவேண்டிய கடன்.

ரஹ்மான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி தொடங்கினார். இன்று பியானோ படிக்க வருகிற பிள்ளைக்குக் கட்டடம் இருக்கிறது, பாடத்திட்டம் இருக்கிறது. அதெல்லாம் இல்லாத காலத்தில் லாட்ஜ் அறையில் வகுப்பெடுத்தவரிடம் படித்தவர்களில் மூத்தவர்களுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. எந்தப் புத்தகத்தில் தொடங்குவார்? விரல் எண்களைப் பென்சிலால் எழுதிக்கொடுப்பாரா? தப்பாக வாசித்தால் கடிந்துகொள்வாரா, தானே வாசித்துக் காட்டுவாரா? ஃபீஸ் கட்ட வழியில்லாதவனை என்ன செய்வார்? ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்று கேட்கவேண்டியது நாம்தான்.