ரெயிலுக்கும் பஸ்சுக்கும் ஒரே பாலம் போதுமா?

மீமிசலில் ரெயில் நிலையம் கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலைதான் அந்த ஊருக்கு ராஜபாட்டை. அங்கிருந்து ராமேசுவரம் போகிறவர்கள் தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம் வழியாகப் பாம்பனை அடைகிறார்கள். அங்கே கடல் மேல் சாலைப் பாலம் ஒன்று. பக்கத்திலேயே ரெயில் பாலம் ஒன்று.

இரண்டையும் ஒன்றாகக் கட்டியிருந்தால் பணம் மிச்சம் ஆகியிருக்காதா?

மாடிப் பாலம்

அப்படிக் கட்டிய பாலங்கள் நம் நாட்டில் உண்டு. அசாமில் பிரம்மபுத்திரா ஆற்றின் மேல் போகிபீல் பாலம் இருக்கிறது. நீளம் 4.94 கிலோ மீட்டர். கீழே இரட்டை ரெயில் பாதை, மேலே சாலை. 2002-ல் வேலை தொடங்கி, 2018 டிசம்பர் 25-ந் தேதி திறந்தார்கள். ஆந்திராவில் ராஜமுந்திரி அருகே கோதாவரி மேலும் 1974 முதல் இத்தகைய பாலம் உண்டு.

பெரிய ஆற்றில் தூண் இறக்குவது லேசான வேலை அல்ல. ஒரே தூண் இரண்டு பாதையையும் தாங்கினால் செலவு குறையும். அது லாபம்தான்.

பாம்பன் கதை வேறு

பாம்பனில் கப்பலுக்கும் வழி விட வேண்டும். சாலை மேடாக ஏறி இறங்கலாம். அடியில் கப்பல் போகும். ரெயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே புதிய ரெயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு மட்டும் 17 மீட்டர் உயரம் தூக்கப்படுகிறது. இரண்டும் ஒரே பாலத்தில் தாழ்வாக இருந்தால், கப்பல் வரும்போதெல்லாம் பஸ்சும் காத்து நிற்கும்!

ரெயில் பாலம் 1914-ல் வந்தது. சாலைப் பாலம் 1988-ல்தான் வந்தது. நடுவே 74 ஆண்டுகள். 1964 டிசம்பர் புயலில் ரெயில் பாலம் சிதைந்தபோது, தீவுக்கு வேறு பாலமே இல்லை. 46 நாளில் அதைச் செப்பனிட்டது பெரிய சாதனை.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரெயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-ந் தேதிதான் புதுப் பாலம் திறந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் ரெயில் இல்லை. ஆனாலும் தீவு துண்டாகவில்லை. யாத்திரிகர் வந்தார்கள், மீன் லாரி போயிற்று, அவசர நோயாளியும் கரைக்கு வர முடிந்தது. காரணம், சாலைப் பாலம் தனியே நின்றதுதான்.

ஒரு பாலமும் இல்லாத ஆற்றங்கரைக்குக் கூட்டுப் பாலம் ஒரு வரம். புயல் அடிக்கும் தீவுக்கோ இரண்டாவது பாலம் ஆடம்பரம் அல்ல. ஆபத்துக்கு உதவும் காவல்.