நூறு கிலோமீட்டர் தர்மம்

பிள்ளையார்பாளையத்து வாலிபர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தேடி வந்தார். தகப்பனார் பட்டு நெசவாளி. மகன் தறியை விட்டு ஒரகடம் பக்கத்து ஆலை ஒன்றில் வேலைக்குப் போகிறார். "அண்ணே, எங்கள் ஷிப்டில் நாலு பேரைச் சேர்த்து தர்மத்துக்காக நெடுநடை போகச் சொல்கிறார்கள். பனியன், தொப்பி எல்லாம் கம்பெனி தருகிறது. தெரிந்தவர்களிடம் நாங்கள் நன்கொடை வசூலிக்க வேண்டுமாம். போகலாமா?" என்று கேட்டார்.

போகலாம் என்றேன். ஆனால் அதோடு விட மனமில்லை.

இந்த நடை எங்கே பிறந்தது தெரியுமா? 1981ல், அன்று பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கில். பிரிட்டிஷ் ராணுவத்தின் கூர்க்கா சிப்பாய்கள் 100 கிலோமீட்டர் மலைப்பாதையில் பயிற்சிக்காக நடந்தார்கள். அதையே நன்கொடை திரட்டும் நடையாகவும் ஆக்கினார்கள். 1986ல் பொது ஜனங்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆக்ஸ்பாம் என்ற ஸ்தாபனம் கூட நின்று நடத்தியது. 'டிரெயில்வாக்கர்' என்று பெயர். நாலு பேர் ஒரு குழு. 48 மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர். நாலு பேரும் சேர்ந்தே முடிக்க வேண்டும். 2012ல் இது பெங்களூருக்கும் வந்தது. கம்பெனி ஊழியர்கள் குழு குழுவாகச் சேர்ந்து இரவெல்லாம் விளக்கைப் பிடித்துக்கொண்டு, கால் கொப்புளத்தோடு நடந்தார்கள். இதை நான் கேலி செய்யவில்லை. ஒருவன் தளர்ந்தால் மற்ற மூவரும் நிற்பது நல்ல பழக்கம்.

ஆனால் கூர்க்காக்களின் கதையைப் பாதியில் விடக்கூடாது. 1997க்கு முன் ஓய்வு பெற்ற கூர்க்காவுக்குக் கிடைக்கும் ஓய்வூதியம், அதே ராணுவத்தில் அதே துப்பாக்கியைத் தூக்கிய பிரிட்டிஷ் சிப்பாயின் ஓய்வூதியத்தில் ஒரு சிறு பங்குதான். வறுமையில் வாடும் கூர்க்காக் கிழவர்களுக்கென்று 1969லேயே ஒரு தர்ம ஸ்தாபனம் ஏற்பட்டுவிட்டது. சம ஓய்வூதியம் மட்டும் வரவில்லை! 2021 ஆகஸ்டில் லண்டன் மாநகரில், பிரதம மந்திரி வீட்டுத் தெருவுக்கு எதிரே உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். 13 நாள் கழித்துத்தான் சர்க்கார் பேச்சு வார்த்தைக்கு இறங்கி வந்தது. பிறர் துயருக்காக நடக்கும் வழக்கத்தை உலகுக்குக் கொடுத்த படையின் கிழவர்கள், தங்கள் பாக்கிக்காகப் பட்டினி கிடந்தார்கள்.

அந்த வாலிபரின் வீட்டுக்கே வருவோம். தகப்பனாரின் கால்களும் நாள் முழுக்கக் குழித்தறியில் மிதிக்கட்டையின் மேல் நடந்துகொண்டுதான் இருக்கின்றன. ஊர்தான் போய்ச் சேருவதில்லை. கோர்வைச் சேலை என்றால் ஒரு ஆள் போதாது. கரைக்குத் தனி நாடா. அதைத் தள்ள மறுபக்கம் இன்னொருவர் வேண்டும். இங்கேயும் குழுதான்! அந்த இன்னொருவர் பல காலம் குழந்தையாகவே இருந்தது. முன்பணக் கடனுக்காகத் தறியில் கட்டுண்டு கிடந்த காஞ்சிபுரத்துக் குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003ல் அறிக்கையே வெளியிட்டது.

ஐப்பசி மழையில் குழியில் நீர் ஊறும். பாவு நமத்துப்போகும். தறி நிற்கும், கூலியும் நிற்கும். அப்போது அரிசி மூட்டை கொண்டுவந்து போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அரிசி வேண்டாமென்று யார் சொல்வார்கள், அடுப்பு எரிய வேண்டுமே! ஆனால் மழைக்கால நிவாரணத்தை உரிமையாகக் கேட்டுப் பாருங்கள், போட்டோக்காரர்களைக் காணோம். காந்தி ரோட்டுக் கடையில் சேலைக்குச் சொல்லும் விலைக்கும், நெய்தவர் கைக்கு வரும் கூலிக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர்? அதை நடந்து அளக்க எந்தக் கம்பெனியும் குழு அனுப்பியதாக நான் கேள்விப்படவில்லை.

நாலு பேர் சேர்ந்து நடந்தால் நிர்வாகம் கை தட்டுகிறது. ஆயிரம் பேர் சேர்ந்து உட்கார்ந்தால்? நம் மாவட்டத்திலேயே பார்த்தோம். 2024 செப்டம்பர் 9 முதல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஆயிரம் பேருக்கு மேல் சுங்குவார்சத்திரம் பக்கம் பந்தலில் 37 நாள் இருந்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டார்கள், கூலி உயர்வு கேட்டார்கள். கைது வந்தது; போலீஸ் பந்தலையும் பிரித்தது. மழையில் நனைந்தபடி இருந்தார்கள். 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. சகதொழிலாளிகள் ஒன்றுகூடி வெட்டவெளியில் தாக்குப்பிடித்த சோதனைதான் அதுவும். அவர்களுக்கு யாரும் பனியன் தைத்துத் தரவில்லை.

2018 மார்ச் 6ல் நாசிக்கிலிருந்து கிஸான் சபா தலைமையில் விவசாயிகள் புறப்பட்டார்கள். பெரும்பாலும் ஆதிவாசிகள், உழுத வன நிலத்துக்குப் பட்டா இல்லாதவர்கள். சுமார் 180 கிலோமீட்டர். செருப்பில்லாத பாதங்களில் தோல் உரிந்தது. மும்பைக்குள் வந்த சமயம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை. காலையில் ஊர்வலம் போனால் அவர்களுக்கு இடைஞ்சல் என்று, களைத்த கால்களோடு அந்த இரவே நடந்து 12ஆம் தேதி விடியுமுன் ஆசாத் மைதானம் சேர்ந்தார்கள். நகரத்து ஜனங்கள் தண்ணீரும் ரொட்டியும் செருப்பும் கொடுத்தார்கள். அதுவும் தர்மம்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும். வாங்கியவர் கோரிக்கையோடு நின்று வாங்கினார்; கொடுத்தவர் அதைத் தெரிந்தே கொடுத்தார். சர்க்கார் எழுதிக் கொடுத்தது. அந்த எழுத்து முழுதும் நிறைவேறாமல் 2023 மார்ச்சில் மறுபடியும் நடக்க வேண்டியிருந்தது என்பது வேறு கதை.

வாலிபரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "உங்கள் நாலு பேரில் காண்ட்ராக்ட் தொழிலாளி யாராவது உண்டா?"

"இல்லை அண்ணே. பர்மனென்ட் ஆட்களுக்குத்தான் பனியன்."

"பக்கத்து மிஷினில் நிற்பவர்?"

"அவர் காண்ட்ராக்ட்தான். ஏழு வருஷமாக."

"அப்படியானால் அவரையும் ஐந்தாவது ஆளாகக் கூட்டிப் போங்கள். ராத்திரி பூரா நடக்கப் போகிறீர்கள். அவர் சம்பளம் என்ன, பிடித்தம் என்ன என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு போங்கள்" என்றேன்.