பிளேனில் உம்மாவின் அறை எங்கே?



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டைக் கூட்டிக் கட்ட யோசிப்பவர்கள், பெண்பிள்ளை பெற்றவர்கள் நேரமெடுத்து வாசியுங்கள்.

போன வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு மேசன் வந்தார். வீட்டின் பின்பக்கத்தைக் கூட்டிக் கட்டுவதென்று நானும் இவரும் முடிவெடுத்திருந்தோம். மகளுக்கு இப்போது 13 வயது. "இப்ப இருந்தே கொஞ்சம் கொஞ்சமாக் கட்டினாத்தான் நேரத்துக்கு முடியும்" என்று ஊரில் எல்லோரும் சொல்வதைத்தான் நாங்களும் சொல்லிக்கொண்டோம். மேசன் மகளின் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துப் பத்து நிமிடத்தில் படம் கீறிவிட்டார். முன்னால் இருக்கும் வீடு அப்படியே. பின்னால் ஒரு பெரிய ஹோல், இரண்டு அறை, ஒரு குசினி, ஒரு பாத்ரூம். கிணற்றடியோடு வளவு முடிந்துவிட்டது.

கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த உம்மா மெதுவாகச் சொன்னார்: "தம்பி, அந்தக் கிணத்தடிச் சுவரோட ஒரு பத்தி இறக்கித் தந்தா எனக்குப் போதும்."

மேசன் தலையாட்டினார். இவர் தலையாட்டினார். நானும் பேசாமல் நின்றேன். இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. இந்த வீடு உம்மாவுடையது. வாப்பா சவூதியில் 12 வருடம் வேலை செய்து, உம்மா சீட்டுப் பிடித்து, கல்லுக் கல்லாக எழுப்பிய வீடு. என் நிகாஹ்வின்போது எனக்கு எழுதித் தந்தார்கள். முன் அறையை விட்டுவிட்டுப் பின்னால் எட்டடிக்கு ஒன்பதடி அறைக்குப் போனார்கள். வாப்பா மௌத்தானதும் அந்த அறையில்தான். இப்போது அந்த அறையும் மகளின் ஹோலுக்குள் போகிறது. சொந்த வளவில் ஒரு பத்தி கேட்டு நிற்கிறார் உம்மா. அதையும் மேசனிடம் கேட்கிறார், என்னிடம் கேட்கவில்லை.

அடுத்தவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. இதில் முதல் பிழை என்னுடையது.

பெண்ணுக்கு வீடு கொடுக்கும் நமது வழமையை நான் எதிர்க்கவில்லை. இது நம் ஊருக்கு மட்டும் உரியதுமில்லை. அக்கரைப்பற்றில் பல காலம் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இந்தத் தாய்வழி முறை இருப்பதை விரிவாக எழுதியிருக்கிறார். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருகிறார், வீடு பெண்ணின் பேரில் இருக்கிறது. நாட்டின் வேறு பல பகுதிகளில் கணவன் கைவிட்டால் பெண் தெருவுக்கு வர வேண்டியிருக்கும். இங்கே அவளுக்குக் கூரை இருக்கும். அது ஒரு பலம். கைக்கூலியாகக் காசு கேட்பதையும் வீட்டை நிபந்தனையாக்குவதையும் பற்றி வேறொரு நாள் எழுத வேண்டும்.

ஆனால் அந்த முறை உருவானபோது வளவு பெரிதாக இருந்தது. மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பிள்ளைகளோடு பக்கத்தில் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போனார்கள். இன்று பக்கம் எங்கே? கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு கீற்று மணல். 2012 குடிசன மதிப்பீட்டிலேயே காத்தான்குடியில் 40,000 பேருக்கு மேல். என் மூத்தம்மா காலத்தில் ஒன்றாக இருந்த வளவு இப்போது நான்கு துண்டு. எங்கள் துண்டு 8 பேர்ச்சஸ். அதனால் பெற்றோர் பக்கத்து வீட்டுக்குப் போவதில்லை, பின் அறைக்குப் போகிறார்கள். அடுத்த தலைமுறையில் பின் அறையிலிருந்து பத்திக்கு.

நான் மனைப்பொருளியல் ஆசிரியை. தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் படித்த நாளிலிருந்து வீட்டுத் திட்டம் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறேன். காற்றோட்டம், வெளிச்சம், அந்தரங்கம், பாதுகாப்பு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதுவேன். என் வீட்டில் உம்மாவின் அறைக்கு யன்னல் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் குசினியைக் கூட்டியபோது அந்த யன்னலை நாங்களே கல் வைத்து அடைத்தோம். இரவில் உம்மா வெளியே போக வேண்டுமென்றால், குசினியைத் தாண்டி, ஒரு படி இறங்கி, கிணற்றடிக்குப் போக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் மாரி மழையில் அந்தப் படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. "தஹஜ்ஜுத்துக்கு எழும்பினேன், கவனிக்கல்ல" என்று தன்னைத்தான் குற்றம் சொன்னார். படியைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஆகவே சொல்ல வருவது இதுதான். கூட்டிக் கட்டுவதென்றால் முதலில் கீற வேண்டியது மகளின் ஹோல் அல்ல. அந்த வீட்டில் வயதாகப் போகிறவரின் அறை. அதை முதலில் வைத்துவிட்டு மிச்சத்தைப் பிரியுங்கள். மிச்சத்தில் அந்த அறையைத் தேடினால் கடைசியில் கிடைப்பது பத்திதான்.

அந்த அறை எப்படி இருக்க வேண்டும்? இந்த ஒரு வாரமாக அளவு நாடாவோடு வீட்டுக்குள் திரிந்ததில் எனக்குப் பட்டவை இவை.

அறை கீழ் மாடியில்தான் இருக்க வேண்டும். இளசுகள் மேலே ஏறலாம். ஒரு நாளைக்கு மேல்மாடி கட்டுகிற எண்ணம் இருந்தால், இப்போதே பொறியியலாளர் அல்லது வரைஞர் ஒருவரிடம் கேட்டு, அதற்கேற்ற அத்திவாரமும் தூணும் போடுங்கள். பிறகு இடித்துக் கட்டுவது இரண்டு மடங்கு செலவு.

அளவு குறைந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு கட்டில், ஒரு அலுமாரி, தொழுகைக்கு ஒரு முஸல்லா விரிக்கும் இடம், வந்தவர் இருக்க ஒரு கதிரை. படுக்கையில் விழுந்தவரைப் பராமரித்தவர்களுக்குத் தெரியும், கட்டிலின் இரண்டு பக்கத்தாலும் போய் வர இடம் வேண்டும். ஒரு பக்கம் சுவரோடு ஒட்டினால் புரட்டிப் படுக்க வைக்கவே இரண்டு பேர் தேவை.

பாத்ரூம் அறையோடு சேர்ந்து இருக்கட்டும். பழைய தரையும் புதிய தரையும் ஒரே மட்டத்தில் வரட்டும், நடுவில் படி வேண்டாம். பளபளக்கும் டைல்ஸ் வேண்டாம், சொரசொரப்பானது போடுங்கள். கொமட் பக்கத்தில் பிடித்து எழும்ப ஒரு கம்பி. பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்ளே விழுந்தவர் கதவோடு சாய்ந்து கிடந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது.

கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். சக்கர நாற்காலி மட்டும் காரணமில்லை. எங்கள் குடும்பத்தில் ஒரு ஜனாஸாவின்போது ஓடைபோல இருந்த வழியில் சந்தூக்கைத் திருப்ப முடியாமல் போனது. மையித்தைக் கையில் தூக்கி வெளியே கொண்டுவந்துதான் சந்தூக்கில் வைத்தார்கள். அன்றைக்கு நின்ற ஆண்களின் முகம் இன்னும் நினைவிருக்கிறது.

யன்னல் கிழக்குப் பக்கம் கிடைத்தால் நல்லது, கடல் காற்று வரும். மேற்குச் சுவர் பின்னேர வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும். கச்சான் காலத்தில் அந்தப் பக்கம் படுக்க முடியாது. புதுக் கட்டடம் பழைய அறையின் யன்னலை மறைக்குமென்றால், நடுவில் நாலைந்தடி திறந்த முற்றம் விடுங்கள். நாலடி போனால் போகட்டும், இரண்டு பக்க அறைக்கும் மூச்சு வரும்.

அறைக்கு வெளியே போக ஒரு தனிக் கதவு வேண்டும். உம்மாவைப் பார்க்க வருகிற பெண்கள் மருமகன் இருக்கும் ஹோலைத் தாண்டி வரக் கூச்சப்பட்டு, மெல்ல மெல்ல வராமலே விடுகிறார்கள். இத்தா இருக்கும் நான்கு மாதமும் பத்து நாளும் ஒரு பெண் எங்கே இருப்பாள், யார் அவளைப் பார்க்க வருவார்கள் என்று எந்தப் பிளேனும் கேட்பதில்லை.

இன்னொன்று. வீட்டில் கலியாணமாகாத இளைய மகள் இருந்தால், அவளுக்கு மச்சான் மஹ்ரமில்லை. ஆனால் பல வீடுகளில் இருக்கும் ஒரே பாத்ரூமின் கதவு ஹோலைப் பார்த்துத்தான் திறக்கிறது. குளித்துவிட்டு வரும் பிள்ளை எந்த வழியால் அறைக்குப் போவாள்? சூரா அந்நூரின் 58ஆம் வசனம் வீட்டுக்குள்ளேயே மூன்று நேரங்களில் அனுமதி கேட்டு நுழையச் சொல்கிறது. அந்தரங்கத்தை அந்தளவு மதிக்கும் மார்க்கம் நம்முடையது. அதைப் பயானில் மட்டும் கேட்டால் போதாது, சுவர் எழுப்பும்போதும் நினைக்க வேண்டும்.

அடுத்தது கிணறும் மலக்குழியும். இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடி தூரம் வேண்டும் என்று சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 8 பேர்ச்சஸ் என்பது 2,178 சதுர அடி. எங்கள் வளவு ஏறக்குறைய 40 அடிக்கு 54 அடி. கேட்டடியில் குழியும் பின் மூலையில் கிணறும் இருந்தால்தான் 50 அடி வரும். அப்படி வைத்தாலும் பின் வீட்டுக்காரரின் குழி மதிலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் இருக்கிறது. நம் மண்ணோ மணல், தண்ணீர் மட்டமோ மேலே. மாரியில் இன்னும் மேலே. குழித் தண்ணீர் மணலுக்குள் தங்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. அது கைக்குழந்தைக்குக் கூடாது. உன்னிச்சைத் தண்ணீர் குழாயில் வரும் வீடுகள் குடிக்கவும் சமைக்கவும் அதையே எடுங்கள். கூட்டிக் கட்டும்போது இன்னொரு பாத்ரூம் வருகிறதென்றால், குழி எங்கே வரும் என்பதை அறைகளுக்கு முன் தீர்மானியுங்கள். அடியில் கொங்கிறீட் போட்டு அடைத்த குழியா, எத்தனை வருடத்துக்கு ஒரு தடவை பவுசர் வந்து இறைக்கும், பவுசரின் குழாய் அதுவரைக்கும் எட்டுமா என்று பாருங்கள். பக்கத்து வீட்டின் கிணறும் உங்கள் பொறுப்புத்தான். அயலவர் உரிமை பற்றி எத்தனை ஹதீஸ் கேட்டிருக்கிறோம்!

மதிலோடு மதில் ஒட்டிக் கட்டுவதும் அப்படித்தான். 2011 ஜனவரி வெள்ளம் நினைவிருக்கும். வளவு முழுக்கச் சீமெந்து போட்டால் மழைத் தண்ணீர் எங்கே போகும்? அடுத்த வீட்டுக்குத்தான். நகர சபையில் அனுமதி எடுக்கச் சொல்லும்போது அலைச்சல் என்று நினைக்கிறோம். பின்பக்கம் இவ்வளவு, யன்னல் பக்கம் இவ்வளவு விடு என்று அவர்கள் சொல்வது காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி விடத்தான்.

"இடமே இல்லாத இடத்தில இதெல்லாம் எப்படி டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2022 நெருக்கடிக்குப் பிறகு சீமெந்தும் கம்பியும் விற்கிற விலையில் ஆசைப்பட்டதெல்லாம் கட்ட முடியாது. எங்களுக்கும் முடியாது. அதனால்தான் எதை விடுவது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் மிகப் பெரிய இடம் ஹோல். அது நிறைவது வலிமாவுக்கும் இரண்டு பெருநாளைக்கும். மற்ற நாளெல்லாம் செற்றியும் தூசியும். வருடத்தில் நான்கு நாள் வருகிற விருந்தாளிக்கு முந்நூறு சதுர அடி, முந்நூற்று அறுபத்தைந்து நாளும் இருக்கிற உம்மாவுக்கு எழுபத்திரண்டு சதுர அடி. கணக்கு என் வீட்டினுடையது. உங்கள் வீட்டையும் அளந்து பாருங்கள்.

உறுதி எழுதும்போதும் கவனம். நன்கொடை உறுதியில் பெற்றோர் தங்கள் சீவிய உரித்தை வைத்துக்கொண்டு எழுதலாம். சாகும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமை அது. நொத்தாரிசுவிடம் கேட்டால் விளக்குவார். "பிள்ளையை நம்பல்லையா?" என்று யாராவது கேட்டால், நம்பிக்கை வேறு, எழுத்து வேறு. கடன் கொடுக்கல் வாங்கலையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கத்தில் இது வெட்கப்படும் காரியமில்லை. என் உறுதியில் அது இல்லை. உம்மா கேட்கவில்லை, நானும் அறியவில்லை. இனி எழுதப்படும் என் மகளின் உறுதியில் அது இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

திங்கட்கிழமை மேசனைத் திரும்பக் கூப்பிட்டோம். பின் ஹோலை எடுத்துவிட்டோம். கிழக்குப் பக்கம் பத்துக்குப் பன்னிரண்டு அறை, பாத்ரூமோடு, வெளிக்கதவோடு. நடுவில் ஐந்தடி முற்றம். மகளுக்கு ஓர் அறை, தூண்கள் மேல்மாடிக்கு ஏற்ற மாதிரி. மிச்சத்தை அவளும் வரப்போகிறவரும் உழைத்துக் கட்டட்டும். மேசனுக்குத் திருப்தியில்லை. "மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வந்தா ஹோல் எங்கண்டு கேப்பாங்க டீச்சர்" என்றார். இவர்தான் பதில் சொன்னார்: "கேட்டா இது மூத்தம்மாட அறை எண்டு சொல்லுங்க. அதுக்குப் புறகும் வாறவங்க வரட்டும்."

உம்மா முதலில் மறுத்தார். "எனக்கு எதுக்குப் புள்ள இவ்வளவு பெரிய அறை? நான் இன்னும் எத்தின நாளைக்கு?" என்றார். "உங்களுக்குப் பிறகு அது எனக்கு உம்மா" என்றேன். பகிடியாகச் சொல்லவில்லை. பதினைந்து வருடத்தில் வீட்டை மகளிடம் கொடுத்துவிட்டு நான் போய்ப் படுக்கப்போகும் அறை அதுதான். உம்மாவுக்குப் பத்தி போதும் என்று தலையாட்டினால் எனக்கும் அதே பத்திதான்.

வீடு கட்ட இருப்பவர்கள் இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். பிளேனை எடுத்து உங்கள் உம்மாவின், மாமியின் கையில் கொடுத்து, "நீங்க எங்க படுப்பீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரைக்கும் அத்திவாரம் வெட்ட வேண்டாம்.

அல்லாஹ் நம் எல்லோருடைய வீடுகளிலும் பரக்கத் செய்வானாக. ஆமீன்.